ஏறிப் பார்க்காத வண்டி

ஐப்பசி பிறந்துவிட்டால் எனக்கு ஃபோன் வர ஆரம்பித்துவிடும். ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. ஆனாலும் நான் வேலை பார்த்த ஒர்க்‌ஷாப்பில் இப்போது ஃபோர்மேனாக இருக்கும் கார்த்திக் என்னை விடுவதாக இல்லை. "அண்ணா, வர்றவங்க எல்லாம் தண்ணீல போற மாதிரி வண்டியை ஏத்திக் குடுன்றாங்க. எதுக்கு எந்த டயர், எவ்ளோ லிஃப்ட்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்கண்ணா, செவுத்துல ஒட்டிடறேன்" என்றான்.

எழுத உட்கார்ந்தேன். சைஸ்களை எழுதி முடிக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஆனால் அந்தத் தாளை மட்டும் கொடுத்தனுப்ப மனம் வரவில்லை. சுவரில் ஒட்ட முடியாத மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

என் தொழில் பழகிய கதையில் பெரிதாக ஒன்றுமில்லை. ஐ.டி.ஐ. முடித்தேன். பல்லாவரத்தில் ஒரு லாரிப் பட்டறையில் ஏழு வருடம் ஸ்பிரிங் பட்டைகளைக் கழற்றினேன், மாட்டினேன், இரண்டு முறை விரலை நசுக்கிக்கொண்டேன். பிறகு ராஜகீழ்ப்பாக்கத்தில், வேளச்சேரி சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்த இந்த ஒர்க்‌ஷாப்புக்கு வந்தேன். ஜீப்பும் நாலு சக்கரமும் இழுக்கும் வண்டிகளும்தான் இங்கே வேலை. வந்த புதிதில், இந்த ஊரில் யார் மலை ஏறப் போகிறார்கள் என்று சிரித்தேன். பக்கத்தில் இருக்கும் திருநீர்மலைக்கும் படிக்கட்டு உண்டு.

முதலில் வந்தவர்கள் எல்லாம் ஷோக்குப் பேர்வழிகள். ஈ.சி.ஆர். வரை போய் இளநீர் குடித்துவிட்டு வருவதற்கு முப்பத்து மூன்று அங்குல டயர் கேட்பார்கள். பிறகு வெள்ளம் வந்தது. முடிச்சூர் பக்கம் வீடு கட்டியவர்கள், பெருங்களத்தூரில் புது அபார்ட்மென்ட் வாங்கியவர்கள், கார் இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்து நஷ்டப்பட்டவர்கள் என்று வர ஆரம்பித்தார்கள். அவர்களுக்கு ஷோக்கு கிடையாது, பயம்தான் இருந்தது. பயந்து வருகிறவர்கள் ஷோக்குக்காரர்களைவிட உயரமாகக் கேட்பார்கள் என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

கணக்கு எளிது. டயரின் விட்டம் நாலு அங்குலம் கூடினால் வண்டி உயர்வது இரண்டு அங்குலம்தான், ஏனென்றால் மேல் பாதி வண்டியைத் தூக்குவதில்லை. ஸ்பிரிங்கில் நாலு அங்குலம் ஏற்றினால், அதாவது லிஃப்ட் போட்டால், உடம்பு முழுசாக நாலு அங்குலம் உயரும், ஆனால் ஆக்ஸில் இருந்த இடத்திலேயே இருக்கும். ஏற்ற ஏற்ற பிரேக் எண்ணெய் போகும் ஹோஸ் எட்டாது, திருப்பத்தில் வண்டி சாயும், ஸ்டியரிங் உதறும். இதையெல்லாம் எனக்கு முன்னால் பல பேர் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் முதலாளி ஸ்டெல்லா மேடம் சொன்னதை மட்டும் வேறு எந்தப் பட்டறையிலும் நான் கேட்டதில்லை.

ஸ்டெல்லா மேடம் கணக்கு டீச்சராக இருந்தவர். கணவருக்கு உடம்பு முடியாமல் போனபோது வேலையை விட்டுவிட்டு ஒர்க்‌ஷாப்பை ஏற்றுக்கொண்டார். ஐந்தடிக்கும் குறைவான உயரம். எப்போதும் காட்டன் புடவை, கையில் சாக்பீஸ். டயரின் பக்கவாட்டில் இருக்கும் எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் மொத்த விட்டத்தை மனக்கணக்காகச் சொல்வார். யாரையும் கத்தித் திட்டமாட்டார். தப்பு செய்தவனைப் பக்கத்தில் கூப்பிட்டு, "எங்க, இன்னொரு வாட்டி சொல்லு" என்பார். இரண்டாம் முறை சொல்லும்போது நமக்கே நம் முட்டாள்தனம் காதில் விழும்.

அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். லிஃப்ட் கேட்டு வருகிறவர், அந்த வண்டியில் ஏறப்போகும் வீட்டு ஆட்கள் அத்தனை பேரையும் ஒரு நாள் ஒர்க்‌ஷாப்புக்கு அழைத்து வரவேண்டும். ஒரு பட்டையைக்கூடக் கழற்றுவதற்கு முன், நாலு சக்கரத்துக்கு அடியிலும் பலகைகளை அடுக்கி, வண்டிக்காரர் கேட்ட உயரத்துக்கு வண்டியைத் தூக்கி நிறுத்துவோம். வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் மூன்று முறை ஏறி மூன்று முறை இறங்க வேண்டும். யாரும் கை கொடுக்கக் கூடாது. எங்கே கால் வைக்கிறார்கள், கை எதைத் தேடுகிறது என்று மேடம் பக்கத்தில் நின்று பார்த்து, வண்டியிலேயே சாக்பீஸால் குறி போடுவார். அதன் பிறகுதான் எத்தனை அங்குலம், எங்கே படி, எங்கே கைப்பிடி என்பது முடிவாகும். ஏறியவர்களின் பெயரை ஒரு அட்டையில் எழுதி, வண்டிக்காரரிடம் கையெழுத்து வாங்கி, ஃபைலில் வைப்போம்.

எங்கள் ஃபிட்டர் பாபுவுக்கு இது பிடிக்காது. "இன்னா மேடம், வண்டி ஏத்த வந்தவன்கிட்ட வூட்ல கீற எல்லாத்தையும் இட்டுனு வான்னா, அவன் வேற கடைக்குப் போய்க்கினே இருப்பான்" என்பான்.

"போவட்டும் பாபு. புடவை கட்டினவங்க ஏற முடியலைன்னா அது வூட்டு வண்டி இல்ல, லாரி" என்பார் மேடம், அவன் பாஷையிலேயே.

பெருங்களத்தூரிலிருந்து ஒருவர் ஆறு அங்குலம் கேட்டு வந்தார். மனைவி பட்டுப்புடவையில் வந்தார், எங்கோ கல்யாணத்துக்குப் போகிற வழி போலிருக்கிறது. முதல் தடவையே ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக நின்றுவிட்டார். முதலில் சிரித்தார். பிறகு இறங்க முடியாமல் போனதும் கணவனைப் பார்த்த பார்வையில் அந்த மனிதர் தானாகவே, "ரெண்டு அங்குலம் போதும் மேடம்" என்றார். நாங்கள் பின்னால் போய்ச் சிரித்தோம். அப்படிச் சிரித்துக்கொண்டேதான் பல வருடம் ஓடியது.

இனி டேனியல் சார் விஷயம்.

அவர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி லில்லி டீச்சர், தாம்பரத்தில் ஒரு பள்ளியில் அறிவியல் நடத்தியவர். பிள்ளைகள் இல்லை. முடிச்சூரைத் தாண்டி ஒரு பள்ளமான தெருவில் சொந்த வீடு. லில்லி டீச்சருக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. அதற்கு மறு வருடமே இன்னொரு வெள்ளம். காரை எடுக்க முடியாமல், கட்டில் மேல் நாற்காலி போட்டு அவரை உட்காரவைத்து, படகு வரும்வரை இரண்டு நாள் காத்திருந்தார்கள். தண்ணீர் வடிந்ததும் டேனியல் சார் காரை விற்றார். ஒரு பழைய ஜீப்பை வாங்கி எங்களிடம் ஓட்டி வந்தார்.

"எனக்கு வேற எதுவும் வேணாம். தெருவுல தொடையளவு தண்ணி வந்தாலும் அவளை வெளியில கொண்டு போயிடணும். அதுக்கு என்ன டயரோ, என்ன லிஃப்டோ, நீங்களே சொல்லுங்க" என்றார்.

அந்த வாரம் மேடத்துக்குக் கண் ஆபரேஷன். முற்றத்தில் பதினோரு வண்டிகள் நின்றன. வானிலை அறிக்கையைக் கேட்டுவிட்டு எல்லோரும் ஒரே நேரத்தில் அவசரப்படுத்தினார்கள். பொறுப்பு முழுக்க என் கையில். நான் முப்பத்தொன்று அங்குல டயரும் இரண்டு அங்குல லிஃப்டும் போதும் என்றேன். அவர் தெருவில் போன தடவை தண்ணீர் நின்ற உயரத்தைத் தன் தொடையில் கை வைத்துக் காட்டினார். காட்டிய கையை அங்கிருந்து எடுக்கவில்லை. நான் முப்பத்து மூன்று அங்குல டயருக்கும் நாலு அங்குல லிஃப்டுக்கும் போய்விட்டேன். டயரில் இரண்டு, ஸ்பிரிங்கில் நாலு, மொத்தம் அரை அடி. முப்பத்து மூன்று அங்குல உயரத்தில் இருந்த சீட் முப்பத்தொன்பதுக்குப் போனது. லில்லி டீச்சரின் சக்கர நாற்காலியில் உட்காரும் உயரம் பத்தொன்பது அங்குலம்.

"மேடம் சட்டப்படி அம்மா வந்து ஏறிப் பாக்கணுமே சார்" என்று கேட்டேன். கேட்கத்தான் செய்தேன்.

"இப்ப எதுல கூட்டிட்டு வருவேன்? ஆட்டோவுல ஏத்தி இறக்கறதுக்கே ஒரு நாள் ஆகும். நான் தூக்கிடுவேன் தம்பி, வீட்ல தினமும் நான்தான் தூக்கறேன்."

அங்கே ஓரமாக இருபத்தைந்து கிலோ மணல் மூட்டைகள் இருந்தன. இரண்டைச் சேர்த்துக் கட்டச் சொன்னார். மூச்சைப் பிடித்துத் தூக்கி, முன் சீட்டில் வைத்துவிட்டு, வேர்வையைத் துடைத்தபடி என்னைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தீங்களா?" நானும் சிரித்தேன். பாபு கைகூடத் தட்டினான்.

என்ன மடத்தனம்! மூட்டைக்குப் பயம் கிடையாது. மூட்டைக்கு விழுந்துபோன கை கிடையாது. வீட்டில் அவர் கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தூக்குவது ஒரே மட்டத்தில்தான். இதெல்லாம் அன்று எனக்குத் தெரியாமல் இல்லை. அவர் வீட்டுக்குப் பைக்கில் போக இருபத்தைந்து நிமிடம். நாலு பலகையை எடுத்துக்கொண்டு போய், ஜீப்பை அவர் வாசலிலேயே தூக்கி நிறுத்திப் பார்த்திருக்கலாம். நான் போகவில்லை. வெளியே பதினோரு வண்டி நிற்கிறதே என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

சாயங்காலம் மேடம் கண்ணில் கட்டோடு ஃபோன் செய்தார். "அந்த முடிச்சூர் ஜீப்பு, ஏத்திப் பாத்தியா?"

"பாத்தாச்சு மேடம்."

"அந்தம்மா ஏறினாங்களா?"

"ஏறினாங்க."

அட்டையில் லில்லி என்று நானே எழுதினேன். டேனியல் சார் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். அந்த ஜீப்பை நான் குறை வைக்காமல் செய்தேன் என்பதையும் சொல்லவேண்டும். ஸ்பிரிங் பட்டைகள் புதிது, பிரேக் ஹோஸ் நீளமானது, காற்று இழுக்கும் குழாயைக் கூரைவரை கொண்டுபோனேன். மடக்குப் படி வைத்தேன். டாஷ்போர்டு ஓரத்தில், ஏறும்போது பிடிக்க, நல்ல தடிமனான கைப்பிடி ஒன்றும் வைத்தேன். எல்லோரும் வைக்கிற இடத்தில்தான் வைத்தேன்.

அடுத்த மழை கார்த்திகையில் வந்தது. காலை பத்து மணி இருக்கும், டேனியல் சாரிடமிருந்து ஃபோன். பின்னால் இன்ஜின் சத்தம் கேட்டது, ஒரு பிசிறு இல்லாத சத்தம். எனக்குள் ஒரு அற்பப் பெருமை வந்தது என்பதை மறைக்கமாட்டேன்.

"தம்பி, வண்டி ஜோரா ஸ்டார்ட் ஆயிடுச்சு. அவளை ஏத்த முடியல. மூணு வாட்டி பாத்துட்டேன். தண்ணி முட்டிக்கு மேல. படி எங்க இருக்குன்னே தெரியல. அக்கம்பக்கத்துல யாரும் இல்ல, நேத்தே போயிட்டாங்க."

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டு ஜீப் வரை வந்துவிட்டார். அங்கிருந்து சீட்டுக்குத்தான் இருபது அங்குலத்துக்கு மேல் மிச்சம். மனதுக்குள் கணக்குப் போட்டேன். பிறகு சொன்னேன், "சார், நாலு டயர்லயும் காத்தை இறக்குங்க. மூணு அங்குலம் இறங்கும். தண்ணீல மெதுவா ஓட்டிடலாம், ஒண்ணும் ஆகாது." அவர் தண்ணீருக்குள் மண்டியிட்டு வால்வைத் தேடுவது ஃபோனில் கேட்டது. அப்போது பின்னால் ஒரு குரல். லில்லி டீச்சரின் குரலை நான் கேட்டது அந்த ஒரு முறைதான். பேச்சு கொஞ்சம் குழறியது. "அந்தத் தம்பியை ஏங்க தொந்தரவு பண்றீங்க? அவருக்கும் வீடு வாசல் இருக்கும்ல, மழையில."

நான் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். தாம்பரத்தில் சுரங்கப்பாதை முழுக்கத் தண்ணீர். பைக்கைப் போட்டுவிட்டு, சுற்றி நடந்து மேற்கே போனேன். முடிச்சூர் சாலையில் பாதி தூரத்தில் தண்ணீர் மார்புக்கு வந்தது. போலீஸார் கயிறு கட்டியிருந்தார்கள், அதற்குமேல் விடவில்லை. நின்று கத்திப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். டேனியல் சாரின் ஃபோன் அதற்குள் அணைந்துவிட்டது.

நடந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நான்காவது முறை தூக்கும்போது டேனியல் சார் கையிலிருந்து லில்லி டீச்சர் நழுவிவிட்டார். தலை முழுக்கத் தண்ணீருக்குள் போய், அவர் இழுத்தெடுப்பதற்குள் நிறைய குடித்துவிட்டார். அதன் பிறகு டேனியல் சார் முயலவில்லை. வீட்டுக்குள் கொண்டுபோய், சாப்பாட்டு மேசைமேல் படுக்கவைத்து, மறுநாள் மதியம் படகு வரும்வரை பக்கத்தில் நின்றிருந்தார். நுரையீரலில் சளி கட்டியது. ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். ஜீப்புக்கு எதுவும் ஆகவில்லை. காற்று நிரப்பியதும் ஓடியது.

அடக்கம் முடிந்து வந்ததும் மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். "எங்க, இன்னொரு வாட்டி சொல்லு" என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. "அந்தம்மாவுக்கு எந்தப் பக்கம் விழுந்துது?" என்று மட்டும் கேட்டார்.

"இடது பக்கம் மேடம்."

எழுந்து போய், முற்றத்தில் நின்ற ஒரு ஜீப்பின் இடதுபக்கக் கதவைத் திறந்தார். இடது கையைத் தொங்கவிட்டுக்கொண்டு ஏறப் பார்த்தார். டாஷ்போர்டு கைப்பிடி அவருடைய இடது கைக்கு நேராக இருந்தது. வலது கை காற்றில் தேடியது. அங்கே வெறும் தகரம். "அவங்களுக்கு இருந்தது ஒரு கை. அதுக்குப் பிடிக்க ஒண்ணுமே வைக்கலையே நீ" என்றார். "இங்க, கதவுக்குப் பின்னாடி இருக்கிற தூண்ல ஒண்ணு, தாழ ஒரு படி. அவங்களே இழுத்துப் பிடிச்சிருப்பாங்க. அவர் சும்மா தள்ளிவிட்டிருந்தா போதும்."

அரை மணி நேர வேலை. ஒரே ஒரு முறை லில்லி டீச்சர் ஏறிப் பார்த்திருந்தால், முதல் நிமிடத்திலேயே தெரிந்திருக்கும்.

"போய் அவர்கிட்ட சொல்லு" என்றார் மேடம். சொல்கிறேன் என்றேன். அதன் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் வண்டியில் ஆட்களை ஏற்றிப் பார்க்கும் வேலையில் என்னை நிற்கவிடவில்லை. கடைசிவரை, கண் மங்கிய பிறகும், அவரேதான் நின்றார். அது எனக்கு வேண்டியதுதான்.

நான் சொல்லவில்லை. டேனியல் சார் வருடத்துக்கு இரண்டு முறை சர்வீஸுக்கு வருவார். ஒவ்வொரு முறையும், நான் கேட்காமலே சொல்வார்: "உங்க மேல ஒரு குத்தமும் இல்ல தம்பி. வண்டி அருமையா நின்னுது. என் கையிலதான் தெம்பு இல்ல." ஒரு தடவை வண்டியின் பின்பக்கம் இரண்டு டம்பெல் கிடந்தன. எழுபது வயதில் தினமும் காலையில் தூக்குகிறாராம். "அப்பவே பண்ணியிருக்கணும்" என்றார். நான் ஜீப்புக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன். அங்கே எனக்கு வேலை எதுவும் இல்லை.

கார்த்திக்குக்கு அந்தத் தாளை எழுதிய மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து டேனியல் சார் வீட்டுக்கு வரும் நேரம் பார்த்துப் போனேன். காபி கொடுத்தார். குடித்து முடிப்பதற்குள் சொல்லிவிட்டேன். போய்ப் பார்க்காமல் விட்டதை, பொய் சொன்னதை, அட்டையில் பெயர் எழுதியதை, அரை மணி நேரத்தில் வைத்திருக்கக்கூடிய கைப்பிடியை. "உங்க கையில தெம்பு இல்லாம இல்ல சார். அவங்க பிடிக்கறதுக்கு அங்க ஒண்ணும் இல்ல" என்றேன். இத்தனை வருடம் இந்த மனிதர் சுமந்ததை நீக்கிவிடலாம் என்று நான் உண்மையாகவே நம்பினேன்.

அவர் எழுந்து ஜீப்புக்குப் போனார். இடதுபக்கக் கதவைத் திறந்தார். நான் எதுவும் சொல்லாமலே இடது கையை இடுப்பில் ஒட்டவைத்துக்கொண்டு, வலது கையை நீட்டிப் பார்த்தார். மறுபடியும் நீட்டினார்.

"அப்போ அவ ஏறியிருப்பாளா?"

"ஏறியிருப்பாங்க சார்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"ஏறியிருப்பாங்க."

கதவைச் சாத்திவிட்டு அதிலேயே சாய்ந்து நின்றார். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"தம்பி, யார் வந்திருந்தாலும் அன்னைக்கு முடிஞ்சிருக்காதுன்னு நெனச்சுட்டுத்தான் நான் படுப்பேன். எனக்குத் தெம்பு இல்ல, கர்த்தர் அவ்ளோதான் குடுத்தார்னு. அதை வச்சுத்தான் தூக்கம் வரும். அரை மணி நேர வேலைன்னு சொல்றீங்க. இனிமே நான் எதை நெனச்சுட்டுப் படுக்கறது?"

 அவர் பதிலுக்காக என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.